லினக்ஸ் கெர்னலில் இருந்து இன்டரப்ட் விவரங்களை யூசர்ஸ்பேஸுக்குக் கொண்டுவருவது: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தரவு சேகரிக்கும் கார்டு ஒன்று. அது நொடிக்கு எத்தனை இன்டரப்ட் (சாதனம் சிபியுவின் கவனத்தைக் கேட்டு அனுப்பும் சைகை) தருகிறது, எத்தனை தவறிப்போகிறது என்று யூசர்ஸ்பேஸில், அதாவது கெர்னலுக்கு வெளியே, ஓடும் கண்காணிப்பு நிரலுக்குத் தெரிய வேண்டும். என்னிடம் வந்த வேலை இவ்வளவுதான். மூன்று நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஏழு வாரம் ஆனது. அதில் பெரும்பகுதி, கெர்னலில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றை நானே திரும்ப எழுதியதிலும், எழுதியதைப் பிறகு கழற்றியதிலும் போனது. சரியான வரிசையில் சொல்லித்தர ஆள் இருந்திருந்தால் அந்த வாரங்கள் மிச்சமாகியிருக்கும். அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

சி மொழியும், ஒரு கெர்னல் மாட்யூலைக் கம்பைல் செய்து ஏற்றவும் தெரிந்தால் போதும். ஃபைல் பாதைகளையும் ஃபங்ஷன் பெயர்களையும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

1. எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

"இன்டரப்ட் விவரம் வேண்டும்" என்பது ஒரே கேள்வி போலத் தெரியும். உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன.

எத்தனை முறை வந்தது? இது எண்ணிக்கை. இதற்குக் கெர்னலில் ஒரு வரி கூட எழுத வேண்டியதில்லை.

எப்போது வந்தது, எவ்வளவு நேரம் எடுத்தது? இதற்கு ட்ரேஸ் பாயிண்டுகள் (கெர்னல் தன் நிகழ்வுகளை நேரத்தோடு பதியும் இடங்கள்) தயாராக இருக்கின்றன.

வந்தவுடன் என் நிரலை எழுப்ப முடியுமா? இதற்குத்தான் டிரைவர் பக்கம் வேலை இருக்கிறது. அதிலும் பாதி ஏற்கெனவே எழுதப்பட்டது.

நான் இந்த மூன்றையும் பிரிக்காமல் நேராக ஒரு கேரக்டர் டிவைஸ் (/டெவ் அடைவில் ஃபைலாகத் தெரியும் சாதனம்) எழுத உட்கார்ந்தேன். எனக்குத் தேவைப்பட்டதோ முதல் கேள்விக்கான பதிலும், கூடவே ஒரே ஒரு சிறிய எண்ணும்தான். உங்கள் கேள்வி எது என்பதை ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2. ஏற்கெனவே திறந்திருக்கும் கதவுகளைப் பாருங்கள்

முதல் கதவு /ப்ராக்/இன்டரப்ட்ஸ். நான்கு சிபியு உள்ள ஒரு கணினியில் ஒரு வரி இப்படி இருக்கும்:

17:   40122   0   88   0   ஐஓ-ஏபிஐசி   17-ஃபாஸ்ட்இஓஐ   கார்டு0, ஆடியோ

இடமிருந்து வலமாகப் படியுங்கள். 17 என்பது கெர்னல் கொடுத்த இன்டரப்ட் எண். அடுத்த நான்கும் ஒவ்வொரு சிபியுவிலும் அது எத்தனை முறை கையாளப்பட்டது என்பது. அப்புறம் எந்த இன்டரப்ட் சிப் வழியாக வருகிறது. அதன் பிறகு வன்பொருள் பக்கத்து எண்ணும், அதைக் கையாளும் முறையும். கடைசியில் அதைப் பதிந்துவைத்திருக்கும் டிரைவர்களின் பெயர்கள். இங்கே இரண்டு பெயர் இருப்பதால் இது பங்கிட்டுக்கொள்ளப்பட்ட இன்டரப்ட். ஆகவே 40122 முழுவதும் உங்கள் கார்டு தந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கணக்கு அந்த இன்டரப்ட் லைனுக்குத்தான், சாதனத்துக்கு அல்ல. "என் கார்டு ஒன்றுமே செய்யவில்லை, ஆனாலும் எண் ஏறுகிறது" என்று பலர் தடுமாறுவது இதனால்தான்.

கீழே போனால் எண்ணுக்குப் பதில் எழுத்துகளோடு தொடங்கும் வரிகள் வரும். எக்ஸ்86 கணினியில் என்எம்ஐ, லோக்கல் டைமர், ரீஷெட்யூலிங், டிஎல்பி ஷூட்டவுன் போன்றவை. இவற்றை எந்த டிரைவரும் பதியவில்லை. உங்கள் நிரல் "முதல் சொல் எண்ணாக இருக்கும்" என்று நம்பினால் இங்கே உடையும்.

இந்த ஃபைலைப் பிரித்துப் படிக்கும்போது கவனிக்க வேண்டியவை:

• தலைப்பு வரியில் எத்தனை சிபியு பெயர்கள் இருக்கின்றன என்று ஒவ்வொரு முறையும் எண்ணுங்கள். ஆன்லைனில் இருக்கும் சிபியுக்கள் மட்டுமே இங்கே நெடுவரிசையாக வரும். ஒரு சிபியுவை அணைத்தால் அந்த நெடுவரிசையே மறைந்துவிடும். என் நிரல் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை எண்ணிவைத்தது. சோதனைக் கணினியில் சரியாக ஓடியது; மின்சாரம் மிச்சப்படுத்தச் சிபியுவை அணைக்கும் வேறொரு கணினியில், சிப்பின் பெயரை எண்ணாக மாற்றப்போய் விழுந்தது.

• எண்ணிக்கை 32 பிட். 4,29,49,67,295 ஆனதும் மறுபடி பூஜ்யம். நொடிக்கு 1,000 வந்தால் ஏறத்தாழ 49.7 நாளில் சுற்றிவரும். நொடிக்கு 1,00,000 வந்தால் 12 மணி நேரம்கூட ஆகாது. இரண்டு அளவீடுகளின் வித்தியாசத்தை 32 பிட் அன்சைன்டு கணக்காகவே கழியுங்கள். சுற்றிவந்தாலும் விடை சரியாக வரும். 64 பிட்டுக்கு மாற்றிவிட்டுக் கழித்தால் பிரம்மாண்டமான பொய் எண் ஒன்று கிடைக்கும்.

• எல்லா வரியும் ஒரே கணத்தில் எடுத்தவை அல்ல. கெர்னல் வரி வரியாக எழுதிக்கொண்டு போகும்போதே இன்டரப்ட்டுகள் வந்துகொண்டிருக்கும். இரண்டு வரிகளின் எண்களை ஒப்பிட்டு நுணுக்கமான முடிவுக்கு வராதீர்கள்.

செலவும் உண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் 11 எழுத்து இடம் போகிறது. 256 சிபியு, 500 இன்டரப்ட் உள்ள சர்வரில் எண்கள் மட்டுமே ஏறக்குறைய 14 லட்சம் பைட். ஒரே ஒரு இன்டரப்ட்டைப் பார்க்க இதை நொடிக்குப் பத்து முறை படித்தால், அளக்க வந்த நிரலே சுமையாகிவிடும்.

அங்கேதான் இரண்டாவது கதவு. 4.9 பதிப்பில், 2016இல், /சிஸ்/கெர்னல்/ஐஆர்க்யூ என்ற அடைவு வந்தது. ஒவ்வொரு இன்டரப்ட் எண்ணுக்கும் உள்ளே ஒரு அடைவு. அதற்குள் ஆக்‌ஷன்ஸ், சிப்_நேம், எச்டபிள்யூஐஆர்க்யூ, நேம், டைப், பெர்_சிபியு_கவுண்ட் என்று சின்னச் சின்ன ஃபைல்கள். வேக்அப் என்பது பின்னால் சேர்ந்தது. 17ஆம் எண்ணின் கணக்கு மட்டும் வேண்டுமென்றால் அந்த ஒரு பெர்_சிபியு_கவுண்ட் ஃபைலைப் படித்தால் போதும். கமாவால் பிரித்த ஒரே வரி கிடைக்கும். புதிதாக நிரல் எழுதுபவர்கள் இதிலிருந்து தொடங்குவதுதான் நல்லது என்பேன்.

இதிலும் ஒரு பொறி உண்டு. /ப்ராக்/இன்டரப்ட்ஸ் ஆன்லைன் சிபியுக்களைக் காட்டும். பெர்_சிபியு_கவுண்ட் அந்தக் கணினியில் இருக்கக்கூடிய எல்லா சிபியுக்களையும் காட்டும். அணைந்து கிடப்பவையும் வரிசையில் இருக்கும். ஒன்றில் 6 எண், மற்றதில் 8 எண் என்று வந்தால் பிழை என்று எண்ணிக் கெர்னலுக்குள் தேடப்போகாதீர்கள். நான் இரண்டு நாள் தேடினேன்.

இந்த அடைவு தெரியவில்லை என்றால் உங்கள் கெர்னலில் ஸ்பார்ஸ்_ஐஆர்க்யூ அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். எக்ஸ்86இல் அது தானாகவே தேர்வாகிவிடும். சிறிய போர்டுகளுக்காகச் சுருக்கிய கெர்னல்களில்தான் சந்தேகம்.

மூன்றாவது கதவு /ப்ராக்/ஐஆர்க்யூ. எந்தச் சிபியு இதைக் கையாள வேண்டும் என்று சொல்லும் எஸ்எம்பி_அஃபினிட்டி, உண்மையில் எது கையாள்கிறது என்று சொல்லும் எஃபெக்டிவ்_அஃபினிட்டி இரண்டும் இங்கே. நான்கு சிபியுக்களை அனுமதித்தும் ஒரே சிபியுவில் எண் ஏறினால் இரண்டாவதைப் பாருங்கள், விடை அங்கே இருக்கும். நீங்கள் எழுதிய மதிப்பு சிறிது நேரத்தில் தானாக மாறினால், பெரும்பாலும் ஐஆர்க்யூபேலன்ஸ் என்ற சேவை பின்னால் ஓடுகிறது. அதே அடைவில் ஸ்பூரியஸ் என்று ஒரு ஃபைல் இருக்கிறது. 4ஆம் படியில் அது தேவைப்படும்.

இந்த மூன்று கதவிலேயே உங்கள் கேள்வி தீர்ந்துவிட்டால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கெர்னலில் எழுதாத ஒரு வரியை யாரும் பராமரிக்க வேண்டியதில்லை.

3. எண்ணை வைத்துத் தேடாதீர்கள்

இன்று 17 என்று வருவது அடுத்த முறை கணினியைத் தொடங்கும்போது 19 ஆகலாம். இந்த எண் கெர்னல் தன் வசதிக்குக் கொடுப்பது. வன்பொருளின் எண் வேறு. அந்த வன்பொருள் எண்ணும் ஒரு இன்டரப்ட் சிப்புக்குள் மட்டுமே தனித்துவமானது. இரண்டு ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டுப் பின்களைக் கையாளும்) சிப் இருந்தால் இரண்டிலும் 5ஆம் எண் இருக்கும்.

ஆகவே நிரல் தொடங்கும்போது சாதனத்தில் இருந்து எண்ணுக்குப் போங்கள். எம்எஸ்ஐ (இன்டரப்ட்டைத் தனிக் கம்பியில் அல்லாமல் செய்தியாக அனுப்பும் முறை) பயன்படுத்தும் பிசிஐ சாதனம் என்றால் /சிஸ்/பஸ்/பிசிஐ/டிவைசஸ் என்பதற்குக் கீழே உங்கள் கார்டின் அடைவில் எம்எஸ்ஐ_ஐஆர்க்யூஸ் என்று ஒரு உள்ளடைவு இருக்கும். அதிலுள்ள ஃபைல்களின் பெயர்களே இன்டரப்ட் எண்கள். எம்எஸ்ஐ-எக்ஸ் சாதனம் 2,048 வரைக்கும் கேட்கலாம் என்பதால் ஒரே ஒரு ஃபைல்தான் இருக்கும் என்று நம்பாதீர்கள். டிரைவர் இன்னும் ஏறவில்லை என்றால் இந்த உள்ளடைவே இருக்காது. நிரல் அதையும் தாங்க வேண்டும்.

4. டிரைவரில் பதியும் இடத்தைச் சரியாக எழுதுங்கள்

டிரைவர் உங்களுடையது என்றால், யூசர்ஸ்பேஸுக்குத் தெரியும் விவரத்தில் பாதி, ஹேண்ட்லரை (இன்டரப்ட் வந்ததும் கெர்னல் அழைக்கும் உங்கள் ஃபங்ஷன்) பதியும் ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ அழைப்பிலேயே முடிவாகிவிடுகிறது. இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். என்னுடைய ஏழு வாரத்தில் மூன்று வாரம் இங்கேதான் போனது.

முதலில் பெயர். நான்காவதாகக் கொடுக்கும் பெயர்தான் /ப்ராக்/இன்டரப்ட்ஸ் வரியின் கடைசியில் தெரியும். கெர்னல் அந்தப் பெயரை நகலெடுத்து வைப்பதில்லை. நீங்கள் கொடுத்த முகவரியை மட்டுமே வைத்துக்கொள்கிறது. நான் ப்ரோப் ஃபங்ஷனுக்குள் (சாதனம் கிடைத்ததும் கெர்னல் அழைப்பது) ஒரு லோக்கல் அரேயில் "கார்டு0" என்று எழுதி அதைக் கொடுத்தேன். பதிந்த கையோடு உருவாகும் /ப்ராக்/ஐஆர்க்யூ அடைவில் பெயர் அழகாக வந்தது. ஆனால் இன்டரப்ட்ஸ் ஃபைலைத் திறந்தால், வரியின் கடைசியில் படிக்க முடியாத குப்பை. ப்ரோப் முடிந்ததும் அந்த ஸ்டாக் இடத்தை வேறு யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நல்லவேளை, குப்பையோடு போனது, கெர்னலே விழுந்திருக்கலாம். பெயர் மாறாதது என்றால் நேராக ஸ்ட்ரிங் லிட்டரல் கொடுங்கள். எண்ணோடு சேர்த்து உருவாக்க வேண்டும் என்றால் டெவ்எம்_கேஏஸ்பிரின்ட்எஃப் பயன்படுத்துங்கள். டிரைவர் சாதனத்தோடு இணைந்திருக்கும்வரை அந்த நினைவகமும் இருக்கும்.

பெயரில் சாய்கோடு வேண்டாம். /ப்ராக்/ஐஆர்க்யூவில் அந்தப் பெயரிலேயே ஒரு அடைவு உருவாகிறது. சாய்கோடு வந்தால் கெர்னல் அதைப் பாதை என்று எடுத்துக்கொண்டு லாகில் எச்சரிக்கை கொட்டும். இடைவெளியும் கமாவும் கூட வேண்டாம். கெர்னல் அவற்றை ஏற்கும், படிக்கும் நிரல்கள்தான் திணறும்.

அடுத்தது பங்கீடு. ஐஆர்க்யூஎஃப்_ஷேர்ட் கொடுத்தால் கடைசி ஆர்கியுமென்ட் காலியாக இருக்கக்கூடாது. இருந்தால் பதிவு மறுக்கப்படும். உங்கள் ஹேண்ட்லர், முதல் வேலையாக, "இது என் சாதனம் தந்ததா?" என்று அதன் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் பார்க்க வேண்டும். இல்லை என்றால் ஐஆர்க்யூ_நன் திருப்புங்கள். எப்போதும் ஐஆர்க்யூ_ஹேண்டில்ட் திருப்பினால் வேலை நடப்பது போலத் தெரியும். ஆனால் யாருடையது என்று தெரியாத இன்டரப்ட்டுகளைப் பிடிக்கும் கெர்னலின் பாதுகாப்பை நீங்களே மூடிவிடுகிறீர்கள்.

அந்தப் பாதுகாப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒரு இன்டரப்ட் 1,00,000 முறை வந்து, அதில் 99,900க்கும் மேல் யாரும் உரிமை கோரவில்லை என்றால், கெர்னல் லாகில் "நோபடி கேர்ட்" என்று எழுதிவிட்டு அந்த லைனையே அணைத்துவிடும். அதைப் பங்கிட்டுக்கொண்ட மற்ற சாதனமும் சேர்ந்து முடங்கும். இது வரும் முன்பே /ப்ராக்/ஐஆர்க்யூ அடைவில் உள்ள ஸ்பூரியஸ் ஃபைலைப் பாருங்கள். கவுண்ட், அன்ஹேண்டில்ட், கடைசியாக எப்போது என்று மூன்று வரி இருக்கும். சோதிக்கும்போது அன்ஹேண்டில்ட் எண் ஏறிக்கொண்டே போனால் அன்றே ஹேண்ட்லரைத் திருத்துங்கள்.

லெவல் வகை இன்டரப்ட் என்றால் இன்னொன்று. சாதனத்தில் காரணத்தைத் துடைக்கும்வரை அந்த லைன் எழுந்தே நிற்கும். ஹேண்ட்லர் துடைக்காமல் திரும்பினால் மறுகணமே மறுபடி அழைக்கப்படும், அந்தச் சிபியு வேறு எதுவும் செய்யாது. த்ரெட்டுக்கு வேலையைத் தள்ள விரும்பி, முதல்நிலை ஹேண்ட்லரைக் காலியாக விட்டால் ஐஆர்க்யூஎஃப்_ஒன்ஷாட் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பெரும்பாலான சிப்களில் பதிவே தோற்கும்.

வரிசையும் முக்கியம். லாக், பஃபர், கவுண்டர் எல்லாவற்றையும் தயார் செய்த பிறகே பதியுங்கள். பதிந்த அடுத்த நொடியே இன்டரப்ட் வரலாம். விலகும்போது தலைகீழ் வரிசை: முதலில் சாதனத்தை அமைதிப்படுத்தி, அப்புறம் ஃப்ரீ_ஐஆர்க்யூ, அப்புறம்தான் நினைவகம். சோதனைக் கெர்னலில் டீபக்_எஸ்எச்ஐஆர்க்யூ அமைப்பை இயக்கிவையுங்கள். பங்கிட்ட இன்டரப்ட்டை விடுவிக்கும்போது ஹேண்ட்லரை வேண்டுமென்றே ஒருமுறை கூடுதலாக அழைக்கும். வரிசை தவறியிருந்தால் உங்கள் மேசையிலேயே உடையும், பயன்படுத்துபவரிடம் போய் உடையாது.

5. சொந்த ஃபைல் வேண்டுமென்றால், சாதனத்துக்கு மட்டுமே தெரிந்ததை வையுங்கள்

எனக்குக் கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு எண்: கார்டின் பஃபர் நிரம்பி எத்தனை நிகழ்வுகள் விட்டுப்போயின என்பது. அது கெர்னலின் பொதுக் கணக்கில் இருக்காது. இப்படிப்பட்டதற்கு மட்டும் சிஸ்எஃப்எஸ் (/சிஸ் அடைவில் தெரியும்) ஃபைல் எழுதுங்கள். இன்டரப்ட் எண்ணிக்கையை மறுபடி அதில் காட்டாதீர்கள். இரண்டு இடத்தில் இரண்டு எண் தெரிந்தால் எதை நம்புவது என்று மற்றவர்கள் குழம்புவார்கள்.

டிவைஸ்_ஏடிடிஆர்_ஆர்ஓ மேக்ரோவும், அதற்கு ஒரு ஷோ ஃபங்ஷனும் போதும். ஒரு ஃபைலில் ஒரு மதிப்பு, முடிவில் புதிய வரி. எழுதுவதற்கு சிஸ்எஃப்எஸ்_எமிட். 5.10இல் வந்தது, ஒரு பக்க நினைவகத்தைத் தாண்டாமல் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஃபைலை எங்கே இணைப்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். ப்ரோப் ஃபங்ஷனுக்குள் டிவைஸ்_கிரியேட்_ஃபைல் என்று அழைத்தால், சாதனம் வந்துவிட்டது என்ற அறிவிப்பு யூசர்ஸ்பேஸுக்குப் போன பிறகுதான் ஃபைல் உருவாகும். அறிவிப்பைக் கேட்டு ஓடிவந்த யூடெவ் (சாதன அறிவிப்புகளைக் கவனிக்கும் சேவை) விதி அதைக் காணாமல் போய்விடும். நூறு முறையில் ஒருமுறை மட்டும் நடக்கும் இப்படிப்பட்ட பிழையைப் பிடிப்பது மிகவும் கடினம். டிரைவர் ஸ்ட்ரக்சரில் டெவ்_குரூப்ஸ் என்ற இடத்தில் உங்கள் குழுவைக் கொடுங்கள். உருவாக்குவதையும் நீக்குவதையும் கெர்னலே கவனித்துக்கொள்ளும். 5.4க்கு முந்தைய கெர்னலில் இந்த இடம் இல்லை.

ஷோ ஃபங்ஷனுக்குள் செய்யக்கூடாதவை இரண்டு.

படித்தாலே அழிந்துவிடும் ரெஜிஸ்டரை அங்கே தொடாதீர்கள். பல சாதனங்களில் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் இப்படித்தான். யாரோ ஒருவர் அடைவு முழுவதையும் கிரெப் செய்தாலே உங்கள் டிரைவர் ஒரு இன்டரப்ட்டை இழந்துவிடும். ஹேண்ட்லர் சேமித்துவைத்த எண்ணை மட்டுமே ஷோ காட்ட வேண்டும்.

ஹேண்ட்லரும் எடுக்கும் லாக்கை, இன்டரப்ட்டைத் தடுக்காமல் எடுக்காதீர்கள். ஷோ லாக்கைப் பிடித்திருக்கும்போது அதே சிபியுவில் இன்டரப்ட் வந்தால், ஹேண்ட்லர் அந்த லாக்குக்காகக் காத்து நிற்கும். ஷோ நகரவே முடியாது. கணினி உறைந்துவிடும். ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் பயன்படுத்துங்கள். ஒரே ஒரு எண் என்றால் அட்டாமிக் போதும், லாக்கே வேண்டாம். 32 பிட் செயலியில் சாதாரண 64 பிட் எண்ணைப் படித்தால் பாதி பழையது, பாதி புதியது என்று கிடைக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எண் மாறும்போது யூசர்ஸ்பேஸுக்குச் சொல்ல சிஸ்எஃப்எஸ்_நோட்டிஃபை இருக்கிறது. அதை ஹேண்ட்லருக்குள் இருந்து அழைக்கக்கூடாது; அது தூங்கக்கூடிய ஃபங்ஷன். அந்த ஃபைலின் என்ட்ரியை முன்பே எடுத்துவைத்துக்கொண்டு சிஸ்எஃப்எஸ்_நோட்டிஃபை_டிரென்ட் அழைக்கலாம், அது தூங்காது. மறுபக்கத்தில் யூசர் நிரல் முதலில் ஒருமுறை படித்து, அப்புறம் போல்ப்ரை கொடியோடு போல் (மாற்றத்துக்காகக் காத்திருக்கும் அழைப்பு) செய்து, விழித்ததும் ஃபைலின் தொடக்கத்துக்குத் திரும்பி மறுபடி படிக்க வேண்டும். முதல் படிப்பை விட்டால் உடனே விழித்துக்கொண்டே இருக்கும். தொடக்கத்துக்குத் திரும்பாவிட்டால் காலி பதில் வரும்.

6. வந்தவுடன் எழுப்ப வேண்டுமென்றால்

கேரக்டர் டிவைஸ் எழுதும் முன் யூஐஓவைப் பாருங்கள்; டிரைவரின் பெரும்பகுதியை யூசர்ஸ்பேஸில் எழுத விடும் கெர்னல் அமைப்பு அது. 2007இல், 2.6.23இல் சேர்ந்தது. சாதன மரத்தில் (வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீ) விவரிக்கப்பட்ட எளிய சாதனம் என்றால் யூஐஓ_பிடிஆர்வி_ஜென்ஐஆர்க்யூ டிரைவரே போதும். அதன் ஆஃப்_ஐடி பாராமீட்டரில் உங்கள் சாதனத்தின் கம்பேட்டிபிள் பெயரைக் கொடுத்தால் /டெவ்/யூஐஓ0 வந்துவிடும்.

யூசர் நிரலின் சுற்று இப்படி. ஃபைலைத் திறந்து சரியாக 4 பைட் படிக்கிறீர்கள். இன்டரப்ட் வரும்வரை அழைப்பு அங்கேயே நிற்கும். வந்ததும் ஒரு எண் கிடைக்கும். அது இதுவரையான மொத்தக் கணக்கு. போன முறை 41, இப்போது 44 என்றால் நடுவில் இரண்டை நீங்கள் பார்க்கவில்லை. தவறியதை எண்ண இதைவிட எளிய வழி இல்லை. சாதனத்தின் ரெஜிஸ்டர்களை எம்மேப் (நிரலின் முகவரிப் பரப்பில் இணைக்கும் அழைப்பு) வழியாகத் தொட்டு வேலையை முடியுங்கள். அப்புறம் அதே ஃபைலில் 32 பிட் 1 எழுதுங்கள். இந்த டிரைவர் இன்டரப்ட் வந்த உடனேயே அதை அணைத்துவிடும். நீங்கள் 1 எழுதினால்தான் மறுபடி திறக்கும். "முதல் இன்டரப்ட் வந்தது, அப்புறம் எதுவுமே வரவில்லை" என்றால் இந்த ஒரு வரியைத்தான் விட்டிருப்பீர்கள்.

8 பைட் கேட்டுப் படித்தால் செல்லாத ஆர்கியுமென்ட் என்ற பிழை வரும். எம்மேப்பின் ஆஃப்செட்டில் முகவரியைக் கொடுக்காதீர்கள். எத்தனையாவது மேப் என்பதைப் பக்க அளவால் பெருக்கிக் கொடுக்க வேண்டும்.

பிசிஐக்கு யூஐஓ_பிசிஐ_ஜெனரிக் இருக்கிறது, ஆனால் அது பழைய ஐஎன்டிஎக்ஸ் இன்டரப்ட்டை மட்டுமே தரும். எம்எஸ்ஐ வேண்டுமென்றாலோ, சாதனம் டிஎம்ஏ செய்யும் (சிபியு இல்லாமல் நேராக நினைவகத்தைத் தொடும்) என்றாலோ விஎஃப்ஐஓவுக்குப் போங்கள்; சாதனத்தைப் பாதுகாப்பாக யூசர் நிரலிடம் ஒப்படைக்கும் கெர்னல் அமைப்பு அது. அதில் ஒவ்வொரு இன்டரப்ட்டுக்கும் ஒரு ஈவன்ட்எஃப்டி (நிகழ்வை அறிவிக்கும் ஃபைல் டிஸ்கிரிப்டர்) இணைப்பீர்கள். அங்கே படிக்க வேண்டியது 8 பைட். ஐஓஎம்எம்யூ (சாதனம் எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் வன்பொருள்) தேவை, அதோடு ஒரே ஐஓஎம்எம்யூ குழுவில் உள்ள மற்ற சாதனங்களையும் அவற்றின் வழக்கமான டிரைவர்களிடமிருந்து விடுவிக்க வேண்டும். எந்தச் சாதனம் எந்தக் குழுவில் என்று முன்பே பாருங்கள். நெட்வொர்க் கார்டும் அதே குழுவில் இருந்தால் தொலைவில் உள்ள கணினியோடு தொடர்பே அறுந்துவிடும்.

ஒரு பட்டனோ சென்சார் பின்னோ மட்டும்தான் என்றால் /டெவ்/ஜிபிஐஓசிப்0 போதும், ஜிபிஐஓமான் கருவியில் உடனே சோதிக்கலாம். /சிஸ்/கிளாஸ்/ஜிபிஐஓ வழியைச் சொல்லித்தரும் பழைய குறிப்புகளை விட்டுவிடுங்கள், அது கைவிடப்பட்ட வழி.

7. நேரத்தை அளக்க

/சிஸ்/கெர்னல்/ட்ரேசிங் அடைவில், ஈவன்ட்ஸ் என்பதற்குக் கீழே ஐஆர்க்யூ குழுவில் ஐஆர்க்யூ_ஹேண்ட்லர்_என்ட்ரி, ஐஆர்க்யூ_ஹேண்ட்லர்_எக்ஸிட் என்று இரண்டு நிகழ்வுகள். இரண்டையும் இயக்கி, நேர வித்தியாசத்தைப் பார்த்தால் உங்கள் ஹேண்ட்லர் எடுக்கும் நேரம் தெரியும். உங்கள் எண்ணுக்கு மட்டும் ஃபில்டர் போடுங்கள். அளந்து முடித்ததும் அணைத்துவிடுங்கள். ரூட் அனுமதி வேண்டும்.

8. யார் படிக்கலாம் என்று யோசியுங்கள்

இன்டரப்ட் எண்ணிக்கை பாதிப்பில்லாத தகவல் போலத் தெரியும். கீபோர்டின் இன்டரப்ட் எப்போது ஏறுகிறது என்று வேகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தால், ஒருவர் விசைகளைத் தட்டும் இடைவெளி தெரிந்துவிடும். அந்த இடைவெளியில் இருந்து என்ன தட்டினார் என்று ஊகிக்க முடியும் என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே உங்கள் சொந்த ஃபைலை எல்லோருக்கும் திறந்துவிடும் முன் யோசியுங்கள். மனிதர்கள் தொடும் சாதனம் என்றால் ரூட்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்துத் தொடங்குங்கள். பின்னால் தளர்த்துவது எளிது. இறுக்குவதோ, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை உடைக்கும்.

9. பேட்ச் அனுப்பத் தேவையான ஆவணங்களும் காலமும்

உங்கள் மாற்றத்தை மூலக் கெர்னலில் சேர்க்க விரும்பினால் பணச் செலவு எதுவும் இல்லை. செலவு முழுக்க நேரம்தான். கையில் இருக்க வேண்டியவை:

• டாக்குமென்டேஷன் அடைவில் ஏபிஐ என்பதன் கீழே, டெஸ்டிங் உள்ளடைவில், உங்கள் சிஸ்எஃப்எஸ் ஃபைலுக்கான விவரம்: பாதை, தேதி, கெர்னல் பதிப்பு, தொடர்பு, விளக்கம். இது இல்லாமல் புதிய சிஸ்எஃப்எஸ் ஃபைலை அனுப்பினால் முதல் பதிலிலேயே கேட்பார்கள். எண் சுற்றிவருமா, எந்தச் சிபியுக்கள் அடங்கும் என்பதையும் விளக்கத்தில் எழுதுங்கள்.

• நீங்கள் அறியப்படும் பெயரில் சைன்ட்-ஆஃப்-பை வரி (இதை அனுப்பும் உரிமை எனக்கு உண்டு என்ற உறுதி). நிறுவனத்துக்காக எழுதியது என்றால் அனுப்பும் உரிமை உங்களுக்கு உண்டா என்று முதல் நாளே கேட்டுவையுங்கள். எனக்கு அந்த ஒப்புதலுக்கே ஒன்பது நாள் ஆனது.

• செக்பேட்ச் கருவியின் எச்சரிக்கைகளைத் தீர்த்த பேட்ச். யாருக்கு அனுப்புவது என்பதை கெட்_மெய்ன்டெய்னர் கருவி சொல்லும். வெறும் டெக்ஸ்ட் மின்னஞ்சலாக, கிட் சென்ட்-இமெயில் மூலம் அனுப்புங்கள். அலுவலக மெயில் சர்வர்கள் டேபை இடைவெளியாக மாற்றிப் பேட்சையே கெடுத்துவிடும். முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்ததை எடுத்து ஏற்றிப் பாருங்கள்.

• ஏன் இந்த ஃபைல் தேவை, ஏற்கெனவே உள்ள கதவுகள் ஏன் போதவில்லை என்ற விளக்கம். 2ஆம் படியை ஒழுங்காகச் செய்திருந்தால் இது இரண்டு பத்தியில் முடியும்.

காலக்கணக்கு: புதிய கெர்னல் பதிப்பு 9 அல்லது 10 வாரத்துக்கு ஒருமுறை. அதில் முதல் 2 வாரம்தான் புதியவை உள்ளே போகும் காலம். அந்த 2 வாரத்தில் புதிய பேட்சை அனுப்பாதீர்கள். பராமரிப்பாளர்கள் அப்போது முன்பே எடுத்துவைத்ததைச் சேர்ப்பதில் மூழ்கியிருப்பார்கள். முதல் ஆர்சி (சோதனை வெளியீடு) வந்த பிறகு அனுப்பினால் பார்ப்பதற்கு நேரம் இருக்கும். பதில் வராவிட்டால் குறைந்தது ஒரு வாரம் காத்திருந்து ஒருமுறை நினைவூட்டுங்கள். திருத்தங்களோடு இரண்டாம், மூன்றாம் பதிப்பு அனுப்ப வேண்டிவரும் என்று வைத்துக்கொண்டு, ஒரு முழுச் சுழற்சியைத் திட்டத்தில் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பதிப்பிலும் முந்தையதில் இருந்து என்ன மாறியது என்பதை மூன்று கோடுகளுக்குக் கீழே எழுதுங்கள். அது கமிட் செய்தியில் சேராது, படிப்பவருக்கு மட்டும் தெரியும்.

உள்ளே போன பிறகு அந்த ஃபைலின் பெயரையோ வடிவத்தையோ மாற்ற முடியாது. யாரோ ஒருவரின் நிரல் அதைப் படிக்கத் தொடங்கியிருக்கும், அதை உடைக்கும் மாற்றத்தைக் கெர்னல் ஏற்காது. நான் என் ஃபைலுக்கு முதலில் "எர்ரர்ஸ்" என்று பெயர் வைத்திருந்தேன். எந்த எர்ரர் என்று பரிசீலித்தவர் கேட்டார். "ஓவர்ஃப்ளோ_கவுண்ட்" என்று மாற்றி மறுபடி அனுப்பினேன்.